ஷிஃபானாவுக்குக் கிடைத்த பயணம்

என் மகள் ஷிஃபானாவை அடக்கம் செய்த மறுநாள்தான் அந்தச் செய்தி அவளுடைய தொலைபேசிக்கு வந்தது. இளைய மகள் வாசித்துச் சொன்னாள். சிங்கப்பூரில் நடக்கும் ஆராய்ச்சி மாநாட்டுக்கு ஷிஃபானா வந்துபோகும் செலவு முழுவதையும் தாங்களே தருவதாக எழுதியிருந்தார்கள். சகோதரிகளே, ஐந்து வேளையும் தொழுது நான் கேட்டது அதைத்தான்.

ஷிஃபானா எங்கள் கரையோரக் கிராமமான கண்டக்குழியில் பிறந்து பல்கலைக்கழகம் போன பிள்ளை. ஒளியைப் பற்றிய படிப்பு. மயிரளவு கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி, கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறுவதை முன்கூட்டியே அறியலாமாம். அவளும் சிலாபத்துச் சிநேகிதி நதீஷாவும் அதைத்தான் ஆராய்ந்தார்கள். எங்கள் கிணறு உவர்த்துப்போனபோது அவளுக்கு வந்த எண்ணம் அது. மாநாட்டில் பேச அழைப்பும் வந்தது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் தன் வாப்பாவிடம் பயணச் செலவு கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. மாநாட்டுக்காரர் மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவிக்கு எழுதிவிட்டு, "உம்மா, துஆ செய்ங்க" என்றாள்.

பதில் வருமுன் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சில நாட்கள்தான் இருந்தாள். வபாத்தாகிவிட்டாள்.

அதன்பிறகு தொழுதேன், ஆனால் கையேந்தி துஆ கேட்க முடியவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தருகிறாயே என்று மனதுக்குள் அல்லாஹ்வோடு சண்டை பிடித்தேன். கடைசியில் ஒருநாள் நெற்றியைத் தரையில் வைத்து சுஜூதில் கிடந்தபடி, "யா அல்லாஹ், அவள் பட்ட பாடும் அவளோடு மண்ணுக்குள் போகவேண்டாம்" என்று மட்டும் கேட்டேன்.

அந்த வாரமே நதீஷா வந்தாள். ஷிஃபானாவின் மவுத்தை அவள் மாநாட்டுக்காரருக்கு அறிவித்திருக்கிறாள். அந்த உதவியில் நதீஷாவை வரச் சொல்லிவிட்டார்கள். சிங்களப் பிள்ளை, ஆனால் தமிழ் கதைப்பாள்.

"அது ஷிஃபானாட இடம், அம்மா. எனக்குப் போக ஏலாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க போங்க மகள். அவட பேரை முதல்ல சொல்லுங்க. எனக்கு அது போதும்."

போனாள். அவள் பேசுவதை நானும் கணவரும் தொலைபேசியில் பார்த்தோம். அந்த ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது ஷிஃபானா என்ற பெயரும் கண்டக்குழி என்ற பெயரும் மட்டும்தான். பேச்சு முடிந்ததும் பலர் எழும்பி ஏதேதோ கேட்டார்கள். தங்கள் கரையோரங்களிலும் இதே தண்ணீர்க் கஷ்டம்தான், செய்து பார்க்கப் போகிறோம் என்றார்களாம். பிள்ளையின் மையத்தை அடக்கத்துக்குத் தூக்கியபோதும் அழாத என் கணவர் அன்று வாய்விட்டு அழுதார்.

இப்போது நதீஷா இங்கே வந்து கிணறுகளைச் சோதிக்கிறாள். வீடு வீடாக அவளைக் கூட்டிப்போவது நான்தான்.

பிள்ளை இல்லாத துக்கம் தீரவில்லை. தீரும் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ் என்று என் வாயால் சொல்ல முடிகிறது. கேட்டது கிடைக்கவில்லை என்று உங்களில் யாராவது அவனோடு கோபித்திருந்தால், அந்தக் கோபத்தோடேயே போய்த் தொழுகையில் நில்லுங்கள். நானும் அப்படித்தான் நின்றேன். அவன் என்னைத் திருப்பி அனுப்பவில்லை.