கோலமாவில் போட்ட கோடு

எங்கள் லைன் வீடுகளில் மண்ணைச் சோதிக்க நாளைக்கு ஆள் வருகிறது என்று தெருவில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் துடைப்பத்தைத் தூக்கினேன். தங்கச் சுரங்கம் ஓடின காலத்தில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஊரிகம் லைனில் எந்தப் பெண்ணும் சும்மா உட்கார மாட்டாள். சுண்ணாம்பு அடிப்போம், சாணி மெழுகுவோம். என் வீட்டை ஒரு இன்ஸ்பெக்டரும் குறை சொன்னதில்லை. இந்த வயதில் சொல்ல விடுவேனா?

பயமும் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் என் கீரைப் பாத்தி. சிறுகீரை, அரைக்கீரை, ஓரத்தில் கொத்தமல்லி. லைன் முழுக்க என் கீரைக்குத்தான் பேர். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டின் விஷம் மண்ணில் இருந்தால் பாத்தியை அழித்துவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அவள் வீட்டில் கீரை முளைத்தால் அவள் கோழியே தின்றுவிடும்.

அன்றைக்குச் சாயங்காலமே ஆட்டோ வைத்து மூன்று மூட்டை செம்மண் கொண்டுவந்தேன். பின்பக்கம் கீரைக்கு நடுவில் எல்லாம் பரப்பி, தண்ணீர் தெளித்து, தட்டி வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு.

மறுநாள் பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். ஒரு கரண்டி மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போவாள் என்று நினைத்தேன். அவளோ ஒரு இரும்புக் குழாயைத் திருகித் திருகி இறக்கினாள். வெளியே எடுத்தால் மேலே ஒரு விரல் அளவு சிவப்பு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி மண்.

"இன்னாம்மா, உங்க தோட்டம் புதுப் புடவை கட்டினு இருக்கு?" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரி, "நேத்து ஆட்டோல வந்த புடவைம்மா அது! நான் பாத்தேன்" என்றாள்.

இனி மறைத்து என்ன பயன்? "மழை வந்தா இங்க முட்டி வரைக்கும் சேறும்மா. நானும் எங்க வீட்டுக்காரரும் சயனைட் மேட்டுல இருந்து கூடை கூடையா கொண்டாந்து கொட்டினோம். நல்லா அமுங்கும். விஷம்னு யாருக்குத் தெரியும்?"

திட்டுவாள் என்று பார்த்தால் அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "எதுவரைக்கும் கொட்டினீங்க, ஞாபகம் இருக்கா? தெரியலைன்னா அடிக்கு ஒரு குழி போட்டுப் பாக்கணும்."

படிப்பு எனக்குக் கையெழுத்தோடு நின்றது. இடுப்பில் சுமந்த கூடை மறக்குமா? உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்துவந்தேன். துவைக்கிற கல்லில் ஆரம்பித்து, கொய்யா மரத்தைச் சுற்றி, வேலிக்கு அடியில் புகுந்து, பக்கத்து வீட்டுக்குள் கோட்டை இழுத்தேன்.

"அடியே, என் வூட்டுல இன்னாத்துக்குடி கோடு?"

"உன் கோழிக்கூட்டுக்கு அடியில பதினோரு கூடை கீது. நீதானே கெஞ்சிக் கேட்ட?"

"மாதாவே! ஓசியில குடுக்கும்போதே நெனச்சேன்!"

இன்ஜினியர் பெண் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் குழாயை இறக்கிப் பார்த்தாள். உள்ளே சாம்பல், வெளியே பழைய மண். ஒரு இடத்திலும் தப்பவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். ரிசல்ட் வரும்வரை தினமும் காலையில் வாசல் கோலத்தோடு அந்தக் கோட்டையும் அழியாமல் போட்டு வைத்தேன்.

சாம்பல் மண்ணில் விஷம் இருந்தது. கிணற்றுத் தண்ணீர் துவைக்கலாம், குடிக்கக் கூடாது என்றார்கள். ஆட்கள் வந்து என் கோடு வரைக்கும் தோண்டி, மண்ணை மூட்டை கட்டி லாரியில் ஏற்றினார்கள். கீரையும் அதோடு போயிற்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்ல மண் கொட்டின பிறகு மறுபடியும் விதைத்தேன். முதல் கீரையைச் சோதனைக்குக் கேட்டாள் அந்தப் பெண். "கழுவாம, வேரோட அப்படியே குடுங்கம்மா." மண் ஒட்டின கீரையை ஒரு ஆபீசர் கையில் கொடுக்க எனக்குக் கை கூசியது. கொடுத்தேன்.

சாப்பிடலாம் என்று போனில் சொன்னாள். அன்றைக்கே கடைந்து, சுடச்சுடப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"மொதல்ல நீ துன்னு" என்றாள்.

அவள் எதிரிலேயே இரண்டு கவளம் பிசைந்து தின்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள்.

"இன்னும் ஒரு கரண்டி போடுடி. கஞ்சம்."