முள் சரியாகத்தான் நின்றது

பெட்ரோல் வாசம் வந்தாலே, புருவம் கருகிய அந்த மெக்கானிக் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

எம். புதுப்பட்டியில், பட்டாசுக் கம்பெனி வாசலிலேயே எங்கள் கார் நின்றுவிட்டது. பத்து மணிக்கு மதுரையில் மகளுக்கு நேர்முகத் தேர்வு.

"இங்கன பைப்பக் கழட்டுனா பெட்ரோல் சிந்தும். தள்ளுங்க சார்," என்றார் வந்து பார்த்த மெக்கானிக்.

கம்பெனிச் சுவர் முடியும்வரை தள்ளினோம். அங்கே அவர் குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் மண்ணில் பதித்தார்.

"சாமி கும்பிடுறீங்களா?"

"ஒடம்புல உள்ள கரண்டு எறங்கணும்ல, இல்லன்னா பொறி தட்டிரும். பட்டாசு ரூம்ல வேல பாத்தப்பப் பழகுனது."

பெட்ரோல் பைப்பில் பிரஷர் மீட்டரை மாட்டிச் சாவியைத் திருகச் சொன்னார். முள் சரியான இடத்தில்தான் நின்றது. வண்டி கிளம்பவில்லை. மீட்டரைக் கழற்றிப் பைப்பை மாட்டினார், மறுபடி திருகியதும் கிளம்பிவிட்டது.

"என்னதான் கோளாறு?" என்றேன். அவர் மீட்டரையே முறைத்தார்.

"முள்ளு சரின்னுச்சு, வண்டி மாட்டேன்னுச்சு. இப்ப வண்டியும் சரிங்குது. எனக்கே வெளங்கல சார். மதுர போற வரைக்கும் ஆஃப் மட்டும் பண்ணிராதீக."