கரும்பலகை மூலையில் ஓர் எண்

நெய்வேலியில் புதிதாக யாரைப் பார்த்தாலும் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்றுதான் கேட்பார்கள். ஜெர்மனியிலிருந்து எங்கள் மையத்துக்கு இன்டர்னாக வந்த பெண்ணும் தப்பவில்லை. சுரங்கத்துக்கு நிலம் போன ஊர்களில் பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்கு இந்த மையத்தில் பத்தாம் வகுப்புப் பாடம் நடத்துகிறோம்.

"கான்ட்ராக்ட்தானக்கா? மூணு மாசத்துல பூடுவீங்க" என்றாள் ஒருத்தி. மொழிபெயர்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. மறுநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகக் கரும்பலகைக்குப் போய், மூலையில் 89 என்று எழுதினார். அவர் ஊருக்குக் கிளம்ப மீதமிருந்த நாள்கள். தினமும் வந்ததும் ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டுத்தான் கணக்குப் பாடத்தைத் தொடங்குவார்.

"பிள்ளைகள் மனசு விட்டுப்போகும், அழித்துவிடுங்கள்" என்றேன்.

"சொல்லாமல் போனால்தான் அப்படி ஆகும்" என்றார், கையில் படிந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே.

அவர் கிளம்பிய மறுநாள், பிள்ளைகள் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். பலகை மூலையில் 42 என்று இருந்தது.

"இது என்ன?"

"பரீட்சைக்கு, டீச்சர்" என்றாள், அன்றைக்குக் கான்ட்ராக்ட்டா என்று கேட்டவள். "நாளைக்கு நாப்பத்தொண்ணு."

நான் டஸ்டரை எடுத்து, அந்த மூலையை விட்டுவிட்டு மற்றதைத் துடைத்தேன்.