வட்டக்கோட்டைப் பக்கத்தில் ஒரு வரி நீக்கம்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, வட்டக்கோட்டைக்காக இணையத்தில் நான் தொடங்கி எழுதிவரும் பக்கத்திலிருந்து ஒரு வரியை இன்று காலை நீக்கினேன்.

"கோட்டை பார்த்ததும் செல்வன் சர்பத் கடைக்கு வரவும்."

யாரும் எழுதக்கூடிய தளம் அது; எழுதியவர் கடைக்காரர் செல்வன்தான்.

மதியம் அஞ்சுகிராமம் பஸ்ஸில் என் அருகே வந்து உட்கார்ந்தார்.

"ஏலே மக்கா, என் கடைய அழிச்சியா?"

"அது கோட்டையப் பத்தின பக்கம்லா. கடைக்கு அங்க என்ன சோலி?"

"கோட்டையில இப்போ ராஜாவா இருக்காரு? கடையில நான் இருக்கேம்லா. எங்க சொக்காரங்க அத்தன பேரும் ஒம்மேல புகார் போட்டாச்சு. கல்யாணத்துக்குக்கூட இப்படி ஒண்ணா வந்ததில்ல."

புகார் குவிந்தால் அந்தத் தளத்தில் பக்கம் கைமாறிவிடும். வரலாறு எழுத விரும்புவோர் முதலில் சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளவும். உங்களிடம் எத்தனை பேர்?

மாலையில் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரி: "வட்டக்கோட்டை, செல்வன் சர்பத் கடைக்கு எதிரே உள்ளது."