நாலாவது செல்லின் மரை

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடம் பேட்டரித் தொழிலில் இருந்தவன், ஒரு லித்தியம் செல்லின் டெர்மினலை என் கையாலேயே கெடுத்தேன். அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கெடுத்தது கப்பலில் வேலை பார்க்கும் இன்னொரு மனிதர் என்று, அவருடைய மனைவியிடமே சொன்னேன்.

1. கூடுதலாக ஒரு கால் சுற்று

அந்த மனைவியின் பெயர் செண்பகம். எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து கோவில்பட்டியில் உள்ள என் கடைக்கு, எட்டுக் கிலோ பேட்டரியைக் கட்டைப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். கப்பலில் ஃபிட்டராக இருக்கும் கணவர் காளிராஜ், போன விடுப்பில் நாலு லித்தியம் செல்களைச் சேர்த்துத் தானே கட்டிய பேட்டரி பேக் அது. கரண்ட் போனால் வீட்டில் லைட்டும் ஃபேனும் அதில்தான் ஓடும்.

"லோடு குடுத்தா எறங்குது அண்ணாச்சி. நாலாவதுதான் சண்டித்தனம் பண்ணுது. தொடச்சு முறுக்கினாப் போதும்னு அவிய சொல்லுதாவ."

அவிய சொன்னது சரி. டெர்மினலுக்கும், செல்களை இணைக்கும் செம்புப் பட்டைக்கும் நடுவே கரிசல் புழுதி புகுந்திருந்தது. துடைத்தேன். போல்ட்டைப் போட்டு முறுக்கினேன். அங்கேதான் என் பூர்வீகம் குறுக்கே வந்தது. நான் வளர்ந்தது ஆசிட் பேட்டரியில். கிளாம்பைப் போட்டு முறுக்கி, போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு கால் சுற்று முறுக்குவது எங்கள் காலத்து மரியாதை. லித்தியம் செல்லின் டெர்மினலோ அலுமினியம். ஆறு எம்எம் போல்ட் போகிற சின்ன ஓட்டை, உள்ளே சில சுற்று மரை. அதை அளவோடு முறுக்க டார்க் ரெஞ்ச் என்று ஒன்று உண்டு. என் கடையிலும் இருந்தது. உறை பிரிக்காமல் இருந்தது.

கால் சுற்று முறுக்கினேன். அதன்பின் போல்ட் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றியது. வெளியே எடுத்தால், அலுமினியம் சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"மரை முன்னாடியே போயிருக்கும்மா. போட்டவரு சரியாப் போடல."

"அவிய அப்படிப் போட மாட்டாவளே."

அவ்வளவுதான் சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

2. நாலு எண்கள்

புது செல் பார்சலில் வரப் பத்து நாளாகும், அதுவரை பேக் கடையில் இருக்கட்டும் என்றேன். டெர்மினல் ஆடிக்கொண்டிருக்கிற பேட்டரியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. ஒரு பொறி போதும். செண்பகத்தின் முகம் சுருங்கிவிட்டது. லைட் இல்லாமல் சிரமமா என்று கேட்டேன்.

"லைட்டு கெடக்கட்டும் அண்ணாச்சி. பேட்டரி இங்கன இருந்தா, சாயங்காலம் அவியளுக்கு எதை அளந்து அனுப்ப?"

போனைக் காட்டினார். கப்பலில் சிக்னல் அரைகுறை. பேச்சு அறுந்துபோகும், எழுத்து எப்படியாவது போய்ச் சேரும். தினமும் ஆறு மணிக்கு மீட்டரை வைத்து நாலு செல்லின் வோல்டேஜையும் அளந்து அனுப்புகிறார். 3.31, 3.31, 3.30, 3.29. அங்கிருந்து பதில்: 'நாலாவது ஏன் வாடியிருக்கு?' இவர்: 'தெரியல. நேத்தும் அப்படித்தான் இருந்துச்சு.' அவர்: 'பாத்துக்கோ.' விரலால் தள்ளத் தள்ள, பதினோரு மாதம் இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"வேற ஏதாவது எழுதலாமேம்மா?"

"வேற என்னத்த எழுத?"

சிரித்திருப்பேன். ஆனால் என் மனைவி மகளின் பிரசவத்துக்கென்று ஓசூர் போய் எட்டு மாதமாகிறது. பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். நான் அவளுக்குக் கடைசியாக எழுதியது, 'கேஸ் புக் எங்க?' அவள் பதில், 'ஃப்ரிட்ஜ் மேல.' அதனால் சிரிக்கவில்லை.

அதற்குள் போன் சிணுங்கியது. நான் சொன்னதைச் செண்பகம் அப்படியே கணவருக்கு எழுதிவிட்டிருந்தார் போல. பதிலை என்னிடம் காட்டினார். 'என் கைத்தப்புதான். கெளம்புற அவசரத்துல போட்டிருப்பேன். அண்ணாச்சியை எப்படியாவது சரிபண்ணித் தரச் சொல்லு.'

செய்யாத தப்பை ஒருவர் ஒத்துக்கொண்ட பிறகு, செய்தவன் உட்கார்ந்திருப்பது கஷ்டம். எழுந்து நின்றேன்.

"மரையைக் கெடுத்தது நான்தாம்மா. அவரு சரியாத்தான் போட்டிருக்காரு."

செண்பகம் போனை நீட்டினார். "இதை அவியளுக்கு எழுதுங்க அண்ணாச்சி."

எழுதினேன். ஐம்பத்திரண்டு வயதில், அடுத்தவர் போனில், எழுத்துப்பிழைகளோடு. பதில் வந்தது: 'சரி அண்ணாச்சி. நாலாவது பொழைச்சுக்கிடுமா?'

3. ஸ்பிரிங் வைத்தியம்

பக்கத்துக் கடை மாரியப்பன் ஸ்கூட்டர் மெக்கானிக். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் மரை போனால், ஸ்டீல் ஸ்பிரிங் ஒன்றை உள்ளே திருகிப் புது மரை உண்டாக்குவான். அவனிடம் ஓடினேன்.

"மரை கழண்டுட்டு வே."

"உமக்கா? அது ஊருக்கே தெரியுமே."

விஷயத்தைச் சொன்னதும் பெட்டியோடு வந்தான். இணைப்புகளைக் கழற்றி, அந்தச் செல்லை மட்டும் தனியே எடுத்தோம். அதன் மற்ற டெர்மினலையும் மேல்மூடியையும் இன்சுலேஷன் டேப்பால் மூடினோம். ஒரு அலுமினியத் துணுக்கு குறுக்கே விழுந்தாலும் ஷார்ட். ஓட்டைக்குக் கீழேதான் செல்லின் உயிர் இருக்கிறது. அதனால் மெஷின் கிடையாது. மரை வெட்டும் கருவியில் ஆழத்துக்கு அடையாளம் வைத்து, கிரீஸ் தடவி, கையால் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. துணுக்கெல்லாம் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்பிரிங் இறங்கி உட்கார்ந்தது.

செல்லைத் திரும்பப் பேக்கில் வைத்து, பட்டையைப் போட்டு, டார்க் ரெஞ்சின் உறையைப் பிரித்தேன். நாலு நியூட்டன் மீட்டரில் 'டிக்' என்றது. என் மணிக்கட்டு கால் சுற்றுக்கு அரித்தது.

"கையை எடும் வே," என்றான் மாரியப்பன்.

ஃபேனை மாட்டி அரை மணி நேரம் ஓடவிட்டோம். டெர்மினல் சூடாகவில்லை. ஆறு மணிக்குச் செண்பகம் மீட்டரை என்னிடமிருந்து வாங்கித் தானே அளந்தார். 3.31, 3.31, 3.30, 3.31. கடையில் நின்றபடியே அனுப்பினார். பதில் வர ஐந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிடமும் போனைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

'நல்லாருக்கு. பஸ்ஸுல பத்திரமா போ.'

அதை இரண்டு தடவை படித்தார். பிறகு போன் திரையை முந்தானையால் துடைத்தார். திரையில் தூசி ஒன்றும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்ல இரண்டு விஷயங்கள்தான். டார்க் ரெஞ்சை வாங்கினால் உறையைப் பிரியுங்கள். கை தவறினால் அன்றைக்கே, அதே கடையில் வைத்துச் சொல்லிவிடுங்கள். மூன்றாவதாக ஒன்றை நானே கண்டுபிடித்ததாக நினைத்து, அன்று வீட்டுக்குப் போனதும் மீட்டரை எடுத்து என் இன்வெர்ட்டர் பேட்டரியை அளந்தேன். பழைய ஆசிட் பேட்டரி, ஒரே எண்தான். 12.6 என்று மட்டும் எழுதி ஓசூருக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. செண்பகம் நின்ற மாதிரியே, போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

போன் அடித்தது.

"என்னங்க, யாருக்கோ அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பிருக்கிய. அழிச்சுட்டு அவியளுக்கு அனுப்புங்க. பாவம், காத்துக்கிட்டு இருப்பாவ."