நின்றால் பத்து ரவுண்டு கட்

இரண்டு வருடங்களுக்கு முன், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில் சின்னதாகக் கார் பட்டறை வைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட நான் கார் பந்தயம் நடத்தப் போனது எதற்கு என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

எல்லாம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் நண்பரால் வந்தது. பட்டறைக்கு எதிரே உள்ள பேக்கரியில் டீ குடிக்கும்போது செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். எங்கோ வெளிநாட்டில் ஓட்டைக் கார்களை வைத்து நாள் முழுக்கப் பந்தயம் விடுகிறார்கள். வேகம் பெரிதில்லை, கடைசிவரை ஓட வேண்டும், அவ்வளவுதான்.

"நம்மூர்ல இல்லாத ஓட்டைக் காருங்களா? மாசம் ஒண்ணு நடத்துவமுங்க" என்றார். ஓட்டைக் கார் என்றதும் பேக்கரியில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சும்மா தலையை ஆட்டிவிட்டேன்.

ஆட்டிய தலைக்கு வேலை வந்துவிட்டது. காரின் விலை நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை ஓட வேண்டும், அதிக ரவுண்டு சுற்றியவருக்குக் கோப்பை என்று விதி போட்டோம். இடம் கொடுத்தவர் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர். வீட்டுமனை போடுவதற்காகச் சமப்படுத்தி, விற்காமல் கிடந்த பன்னிரண்டு ஏக்கர் அவருக்கு இருந்தது. சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். "ஒழுங்கா நடந்தா மாசாமாசம் நடத்திக்குங்க. கூத்தடிச்சீங்கன்னா அன்னைக்கே கேட்டப் பூட்டிருவனுங்க."

எனக்கு அந்தப் பந்தயம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. என் வாழ்க்கையில் நானாக எடுத்து நடத்திய காரியம் வேறு எதுவும் கிடையாது. கோழித்தீவனச் சாக்குகளில் மண்ணை ரொப்பி வளைவுகளில் அடுக்கினேன். எல்லாருக்கும் ஹெல்மெட், ஆங்காங்கே தீயணைக்க மணல் வாளி. ரவுண்டு எண்ணுவதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பந்தலின் கீழ் உட்கார்ந்தேன்.

ஒன்பது கார்கள் வந்தன. ஒவ்வொருவரும் கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்துக் கிளம்புவதற்கே ஏழரை ஆகிவிட்டது. சரி, போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம்கூட ஓடியிருக்காது. ஐந்தாம் நம்பர் கார் பெல்ட் அறுந்து நின்றது. பின்னால் வந்த இரண்டாம் நம்பர் காரும் நின்றது. ஓட்டியவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இறங்கி, பானெட்டைத் திறந்து, உள்ளே தலையை விட்டார். அடுத்து வந்தவர் ஸ்பேனரோடு இறங்கினார். அதற்கு அடுத்தவர் தன்னிடமிருந்த பழைய பெல்ட்டைக் கொண்டுவந்தார். என் கோழிப்பண்ணை நண்பரும் பந்தயத்தில் ஓட்டினார்; அவர் தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு யோசனை சொல்லப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒன்பது காரும் வரிசையாக நின்றன. யாரோ போன் செய்து டீ வேறு வந்துவிட்டது.

ரிக் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க, இது பந்தயமா, பொண்ணு பாக்க வந்த காருங்களா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய்க் கெஞ்சிக் கிளப்பிவிட்டேன். பத்தே நிமிடத்தில் இன்னொரு கார் பெட்ரோல் ஒழுகி நின்றது. டேங்க் ஓட்டையில் சோப்பு வைத்து அடைக்க மறுபடியும் ஆறு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் தன் சோப்பே நல்ல சோப்பு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். லாரிக்காரரைப் பிடித்துத் திட்டினேன்.

"ஏனுங்ணா, நின்னு கெடக்கற வண்டியத் தாண்டி நான் போனதே இல்லீங்க. இந்த வயசுல அதையப் பழகச் சொல்றீங்களே" என்றார்.

வேறு வழி தெரியவில்லை. வாடகைக்கு எடுத்த மைக்கை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் பிடித்தேன். "இது பந்தயமுங்க! அவனவன் வண்டிய அவனவன் பாக்கட்டும். அடுத்தவனுக்காக நின்னா பத்து ரவுண்டு கட்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. எல்லோரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு பாருங்கள், பந்தயம் பந்தயமாக நடந்தது. செம்மண் புழுதி எழும்ப எல்லாக் காரும் சுற்றின. நின்றவர்கள் தாங்களே சரிசெய்துகொண்டு வந்தார்கள். ரிக் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் நோட்டில் ரவுண்டுக்கு ஒன்றாகக் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன்.

உச்சி வெயில் நேரம். ஏழாம் நம்பருக்குக் கோடு விழவில்லை. அது கோழிப்பண்ணை நண்பருடைய கார். அடுத்த ரவுண்டிலும் வரவில்லை. பாதையின் அந்தக் கோடியில் ஒரு மண்மேடு உண்டு, அதற்குப் பின்னால் நின்றால் பந்தலுக்குத் தெரியாது. என்ஜின் சூடாகியிருக்கும், கிடக்கட்டும் என்று நினைத்தேன். காலையில் ஊர் வண்டிக்கெல்லாம் யோசனை சொன்னவர்தானே, தன் வண்டியை ஒருநாள் தானே பார்க்கட்டும் என்றும் நினைத்தேன். மற்ற கார்கள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

நாலாவது ரவுண்டும் ஏழாம் நம்பர் வரவில்லை. முன்னணியில் இருந்த லாரிக்காரரும் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மைக்கை எடுத்து, "ரெண்டாம் நம்பர், பத்து ரவுண்டு கட்!" என்றேன். பதிலுக்கு மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. என்ன திமிர் என்று திட்டிக்கொண்டேதான் நடந்தேன்.

மேட்டைத் தாண்டியதும் பார்த்தேன். நண்பர் ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தார். சட்டை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு வியர்வை. பேச்சு குழறியது. லாரிக்காரர் ஒரு கையால் அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே மறு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்.

"சக்கரை எறங்கிருச்சுங்ணா! எம்பட ஊட்டுக்காரிக்கும் இப்படித்தான் ஆகும். கலர் சோடா எதாச்சும் கொண்டாரச் சொல்லுங்க, சுருக்கா!"

சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பந்தய மும்முரத்தில் காலையில் சாப்பிடாமலே வந்திருக்கிறார். கலர் சோடா வரவழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, ரிக் முதலாளியின் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். திறந்ததும், "எத்தனாவது எடத்துல இருக்கறனுங்க?" என்று கேட்டார். அப்படியே ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று இருந்தது.

மற்ற ஓட்டுநர்களைப் பிறகு கேட்டேன். எல்லோருமே அவரைப் பார்த்திருக்கிறார்கள். "களைச்சுப்போய்ச் சாஞ்சிருக்கறாருன்னு நெனச்சமுங்க. நின்னா பத்து ரவுண்டு போயிருமில்லீங்க?" என்றார்கள். அதில் ஒருவரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இப்படி எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு ரவுண்டுக்கு இரண்டு நிமிடம். நாலு ரவுண்டு. "எட்டு நிமிஷமுங்க" என்று சொன்னேன். நோட்டு அப்போதும் என் அக்குளில் இருந்தது.

பந்தயத்தை அதோடு விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நண்பர் விடவில்லை. ரிக் முதலாளியும் கேட்டைப் பூட்டவில்லை. "அந்தப் பத்து ரவுண்டு சட்டத்த மட்டும் தூக்கிப்போடுங்க" என்றார். தூக்கிப்போட்டோம். இன்றுவரை ஒரு பந்தயமும் சரியான நேரத்துக்கு முடிந்ததில்லை. பக்கவாட்டுக் கண்ணாடி கழன்று விழுந்தால்கூட ஆறு கார் நிற்கிறது, அதற்குள் டீ வந்துவிடுகிறது. எனக்குத் தலை வலிக்கிறது, தொண்டை கட்டுகிறது, இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். ஆனாலும் நின்று உதவியவனுக்குத் தண்டனை என்று சொன்ன என் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. எந்த வண்டிக்காவது ஒரு கோடு விழாமல் போனால் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து, அந்த வெயிலில் நானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.