அறாத கம்பி

மாமா ஸ்பெயினிலிருந்து லீவில் வந்திருக்கிறார் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அந்த லீவு இரண்டு வருடமாகியும் முடியவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கிடைக்கிற லீவெல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். மாமாவுடையதைப் போல ஒன்று கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். அவருடைய விசாப் பேப்பர் காலாவதியாகி, பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் அம்மாவின் தம்பி. எங்கள் மன்னார்க் கரையில், தாழ்வுபாட்டில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர், ஸ்பெயினின் தெற்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பன்னிரண்டு வருடம் சமையல் வேலை செய்தார். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் கட்டினார். ஒரு மகளும் இருந்தாள். திரும்பி வரும்போது அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை. ஒரு சூட்கேசும் ஒரு கிற்றாரும்தான் வந்தன.

அது பிளமெங்கோ கிற்றார். மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்த கிற்றாரை எனக்குத் தெரியும். இது அதைவிடப் பாரம் குறைவு. மஞ்சள் மரம், அப்பளம்போல மெல்லிசு. விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் தந்திகளின் மேல் வீசுவார் மாமா. இடையிடையே நகத்தால் மரத்தில் தட்டுவார். அதற்கென்றே வலது கையில் நகம் வளர்த்து, உடையாமலிருக்கப் பசை பூசியிருந்தார். மீன் காயப்போடும் பெண்கள் அந்த நகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆண்கள் சிரிக்கவில்லை. "எப்ப தம்பி திரும்பப் போறீர்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே மாமா வெளியே போவதை மெல்ல மெல்ல விட்டுவிட்டார். பக்கத்தில் பேசாலைக்குக் கோயில் பெருநாள் பார்க்கக்கூட எங்களோடு வரவில்லை.

ஏப்ரல் மாத முடிவில் அவருடைய போனுக்கு ஒரு செய்தி வந்தது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பத்து நிமிஷம் வீடியோவில் பேசலாம் என்று தாய் எழுதியிருந்தாள். எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் மூன்றரை. குழந்தையாயிருந்தபோது நித்திரையாக்க வாசித்த ஒன்றை அன்றைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று மகள் கேட்டிருந்தாளாம். ஒரு வருடத்துக்கு மேலாக அவளுடைய முகத்தை மாமா பார்த்திருக்கவில்லை. அந்தச் செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு எனக்கும் வாசித்துக் காட்டினார். அன்றைக்குச் சோறும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பிரச்சினை தந்திகளில் இருந்தது. ஆறில் மேலே மூன்று வெறும் நைலோன். கீழ்ச்சுருதி பேசுகிற தடித்த மூன்றும் நைலோன் இழைக்கு மேல் வெள்ளி பூசிய செம்புக் கம்பி சுற்றியவை. எங்கள் ஊர் உப்புக்காற்று அந்த வெள்ளியைக் கறுக்கப் பண்ணிவிட்டது. தட்டினால் டொக் டொக்கென்று தகரம் தட்டுகிற சத்தம்தான் வந்தது. மாமா அவற்றைக் கழற்றி, சுருட்டி, தேத்தண்ணிக் கேத்திலில் போட்டு அவித்தார். ஸ்பெயினில் காசில்லாத வாசிப்புக்காரர் எல்லாம் அப்படித்தான் செய்வார்களாம். மூன்று நாள் நன்றாகத்தான் பேசின. நாலாம் நாள் சுற்றியிருந்த கம்பி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் அறுந்தன. எங்கள் தேத்தண்ணியில் மட்டும் ஒரு கிழமைக்குச் செம்பு மணம் போகவில்லை.

மேல்தந்திகள் மூன்றும் தேய்ந்துபோயிருந்தன. அவற்றுக்கு அப்பா வழி கண்டுபிடித்தார். பழைய தந்தியை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது தங்கூசிதானே" என்றார். தங்கூசி என்றால் தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நரம்பு. அது எங்கள் வீட்டில் சோற்றுக்கு உப்பைப்போல எப்போதும் இருந்தது. எழுபதாம் நம்பர், எண்பதாம் நம்பர், நூறாம் நம்பர் என்று மூன்று உருளையைக் கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தார்கள். அப்பா பாரம் தாங்குமா என்று பார்த்தார். மாமா விரலால் சுண்டிக் காது கொடுத்தார். அப்பா நல்லது என்றதை மாமா வேண்டாமென்றார், மாமா பிடித்ததை அப்பா ஏளனமாகப் பார்த்தார்.

"இது சுறாவுக்கும் அறாது" என்றார் அப்பா.

"அத்தான், நான் சுறா பிடிக்கவே போறன்?"

அவ்வளவு நாளில் மாமா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசியில் சத்தத்துக்காக மூன்றையும் மாமாவே தெரிந்தெடுத்தார். அவை உண்மையாகவே நன்றாகப் பேசின. ஆனால் தடித்த தந்தி மூன்றுக்கும் எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கு முதல்நாள் அப்பா மன்னார் டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். மாமா வரவில்லை. ஒரு கடுதாசித் துண்டில் எழுதி என்னிடம் தந்தார். 'நைலோன்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். ரேடியோவும் கிரிக்கெட் மட்டையும் விற்கிற ஒரு கடையில்தான் கிற்றார் தந்தியும் இருந்தது. கடைக்கார முஸ்லிம் நானா இரண்டு பக்கெற்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று நைலோன், பக்கெற்றின் நிறமே மங்கியிருந்தது. மற்றது இரும்புக் கம்பி, பளபளவென்று.

"நைலோன் பழசு, எவ்வளவு நாளைக்கு நிக்கும் எண்டு சொல்லேலாது. கம்பி எண்டா வருசக்கணக்கில நிக்கும். எந்தக் கிற்றாருக்கு எண்டு எனக்குத் தெரியாது, நீங்களே பாருங்கோ."

அப்பா வேறென்ன செய்வார், இரண்டிலும் ஒவ்வொன்றை இழுத்துப் பார்த்தார். நைலோன் இழுபட்டது. கம்பி அசையவில்லை. துண்டை என்னிடமிருந்து வாங்கிப் படித்துவிட்டு, "நைலோன் எண்டு எழுதியிருக்கு. நீதானே அவரோட எந்த நேரமும் இருக்கிறனி, நீ சொல்லு" என்றார். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது. அறுகிறது கெட்டது, அறாதது நல்லது. தந்தி அறுந்து மாமா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தன. இனி ஒருநாளும் அவர் அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கம்பியைக் காட்டினேன். வரும் வழியெல்லாம் பக்கெற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

நாங்கள் வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. கடையும் பூட்டியிருக்கும். அடுத்தநாள் ஞாயிறு. மாமா பக்கெற்றை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி வெகுநேரம் படித்தார். அதில் படிக்க அவ்வளவு ஒன்றுமில்லை. "நல்ல கம்பி" என்றார். பிறகு என் தலையில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகுதான் கம்பி பூட்ட உட்கார்ந்தார். மூன்று தடித்த கம்பியை மட்டும் எடுத்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன உருண்டை இருந்தது, முடிச்சே தேவையில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் நான்தான். முதலில் மிகவும் தளர்வாகவே முறுக்கினார். அடித்தால் கம்பிகள் மரத்தில் பட்டு இரைந்தன. கொஞ்சம் முறுக்கினார். அப்போதும் இரைச்சல்தான். போனை எடுத்து மணி பார்த்தார். ஒரு கையால் முறுக்கிக்கொண்டு, மற்றக் கையின் உள்ளங்கையைக் கம்பிகள் கட்டியிருந்த இடத்துக்குப் பின்னால் மரத்தின் மேல் பரப்பி வைத்திருந்தார். தலையைச் சாய்த்துக் காதையும் மரத்தோடுதான் வைத்தார். ஸ்பெயினில் சுருதி சேர்ப்பது இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னும் இறுக்குங்கோ மாமா, அது அறாது" என்றேன்.

"ஓம் பிள்ளை, இறுக்குவம்" என்றார்.

எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பல்லி சொல்லுகிறது, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நினைத்து மேலே பார்த்தேன்.

மூன்றரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாக ஒரு பிள்ளை. மாமாவின் மூக்கு அவளுக்கு அப்படியே இருந்தது. அவர்கள் பேசியது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு மாமா வாசிக்கத் தொடங்கினார். புதுக் கம்பிகள் வீடு அதிரப் பேசின. அவள் கை தட்டினாள். தட்டக் கூடாத இடம்போலத் தோன்றுகிற இடத்திலெல்லாம் தட்டினாள், ஆனால் எல்லாம் சரியாக விழுந்தது. இரண்டு வருடமாக நானும் தட்டிப் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அப்படி வந்ததில்லை. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

வாசிப்பு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அப்போது பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். கம்பிகள் கட்டியிருந்த மரத்துண்டு ஆறு தந்திகளோடும் பிய்த்துக்கொண்டு மேலே பறந்தது. கிற்றாரின் மஞ்சள் மரத்தில் ஒரு நீளக் கிழியல். மாமாவின் உதட்டுக்குக் கீழே, நாடியில் இரத்தம். போனில் அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. வாசிப்பை அப்படித்தான் முடிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். மாமாவும் நாடியைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார், எழும்பிக் குனிந்து கும்பிடுகூடப் போட்டார். ஒரு பெண்ணின் குரல் கேட்டது. பிள்ளை கையசைத்தது. போன் இருண்டது.

மாமா கதிரையில் இருந்தபடியே அந்த மரத்துண்டைத் தூக்கிப் பார்த்தார். ஆறு தந்தியும் அதிலேயே தொங்கின.

"பாத்தியே, கம்பி அறேல்லை. நல்ல கம்பிதான் வாங்கியிருக்கிறாய்."

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அம்மா அப்பாவையும் என்னையும் வைத்துக் கிழிகிழியென்று கிழித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அடுத்த முறை பாவசங்கீர்த்தனத்தில், துண்டில் எழுதியதைக் கேளாமல் மாமாவின் கிற்றாரை உடைத்தேன் என்று சுவாமியிடம் சொன்னேன். மூன்று அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன், பாரம் குறையவில்லை. அந்தப் பிள்ளை பேசிய நம்பரிலிருந்து பிறகு ஒருநாளும் கோல் வரவில்லை. மாமா எடுத்தபோது அது வேலை செய்யவும் இல்லை. அடுத்த வருடம் அவர் கட்டாருக்குப் போனார். இப்போதும் அங்கே ஒரு குசினியில்தான் இருக்கிறார். கிற்றார் எங்கள் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

போன வருடம் என் தோழி ஒருத்தியோடு வவுனியாவில் ஒரு கடைக்குப் போனேன். அவளுடைய தம்பிக்குக் கிற்றார் தந்தி வேண்டும். கடைப் பெடியன், நைலோன் பூட்டுகிற கிற்றாரா, கம்பி பூட்டுகிறதா என்று கேட்டான். நைலோன் கிற்றாருக்குக் கம்பி பூட்டினால் இழுவை தாங்காமல் பிய்த்துக்கொண்டு வரும், ஒரு கிழமை பழகினவனுக்கும் அது தெரியும் என்றான். நான் பிடித்திருந்த பக்கெற்றை மேசையில் வைத்துவிட்டேன்.

ஒரு கிழமை பழகினவனுக்கே தெரியும். அப்போது மாமாவுக்கு? 'நைலோன்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தவருக்கு? அந்த வாசிப்பு முடியும்வரை தாங்கினால் போதும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் மரத்தின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். மரம் எழும்புவதைக் கையால் பார்த்துக்கொண்டே, ஓம் பிள்ளை, இறுக்குவம் என்று சொல்லி இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். மரம் டிக் என்றது. நான் கூரையில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தேன்.